எல்லா டீமுக்கும் ஒரே கேப்னா ஈகிள்ஸ் மட்டும் எப்படி அள்ளுது, டிக்கெட் விலை ஏன் ஏறிட்டே இருக்கு?

நீங்க கேட்டது மூணு விஷயம். எல்லா என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) டீமுக்கும் ஒரே சேலரி கேப்னா, அதாவது ஆட்டக்காரங்க சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்புன்னா, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மட்டும் எப்படி வருஷா வருஷம் பெரிய பெரிய ஆளா கொண்டு வருது, நியூ யார்க் ஜயன்ட்ஸ் மாதிரி டீம் நல்லா ஆடுற பையனை ஏன் விட்டுத் தொலைக்குது, கடைசியா உங்க ஆபீஸ்ல சொல்றமாதிரி க்வார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தற முக்கிய ஆள்) 50 மில்லியன் 60 மில்லியன்னு கொட்டிக் கொடுக்கறதாலதான் டிக்கெட் விலை ஏறுதா. கடைசிக் கேள்விக்கு முதல்லயே பதில் சொல்லிடறேன், அதனால இல்ல. சம்பளம் ஒரு கணக்கு, டிக்கெட் இன்னொரு கணக்கு. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பினா லாபம் ஓனருக்குத்தான், ரசிகன் ஆட்டக்காரன் மேல கோவப்பட்டுட்டு இருப்பான். நான் நியூ ஜெர்சில இருக்கற ஜயன்ட்ஸ் ரசிகன், இந்தக் கணக்கை பல வருஷமா நோண்டிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல இந்த கேப் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும். 1993க்கு முன்னாடி ஒப்பந்தம் முடிஞ்சாக்கூட ஒரு ஆட்டக்காரன் இஷ்டப்பட்ட டீமுக்குப் போயிட முடியாது, ஏகப்பட்ட முட்டுக்கட்டை. கோர்ட்டுக்குப் போய் சண்டை போட்டாங்க, ரெஜி வைட் பேர்லயே ஒரு வழக்கு இருந்துச்சு. கடைசில வந்த சமரசம் என்னன்னா, ஆட்டக்காரங்களுக்கு ஃப்ரீ ஏஜென்சி, அதாவது ஒப்பந்தம் முடிஞ்சா இஷ்டப்பட்ட டீமுக்குப் போற உரிமை, ஓனர்களுக்கு கேப். அந்த வருஷமே வைட் ஈகிள்ஸை விட்டு 4 வருஷம் 17 மில்லியன் டாலருக்கு க்ரீன் பே பாக்கர்ஸுக்குப் போனார், அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கிற தொகை. 1994ல முதல் கேப் 34.6 மில்லியன். 2025ல 279.2 மில்லியன். நடுவுல கேப்பே இல்லாத ஒரு வருஷமும் இருந்துச்சு, 2010. அப்ப இஷ்டத்துக்கு கான்ட்ராக்ட் போட்டாங்கன்னு சொல்லி வாஷிங்டனுக்கு 36 மில்லியனும் டல்லாஸுக்கு 10 மில்லியனும் பின்னாடி கேப்ல கழிச்சுட்டாங்க, கேப்பே இல்லாத வருஷத்துக்கு எதுக்கு தண்டனைன்னு அந்த ரெண்டு ஊர்க்காரங்களும் இன்னிக்கும் கேப்பாங்க, அவங்க கேக்கறது எனக்கு நியாயமாத்தான் படுது.

இந்தத் தொகையை யாரும் ஆகாயத்துல இருந்து எடுக்கறதில்ல. லீக் மொத்தமா சம்பாதிக்கற வருமானத்துல ஏறக்குறைய 48 சதவீதம் ஆட்டக்காரங்களுக்குன்னு 2020 ஒப்பந்தம் சொல்லுது, அதுல இருந்து பென்ஷன், மெடிக்கல் மாதிரி செலவை எடுத்துட்டு மிச்சத்தை 32ஆல வகுத்தா கேப். அதனால டிவி காசு ஏறினா கேப்பும் ஏறும். கோவிட்ல ஸ்டேடியம் காலியா கிடந்தப்ப 2020ல 198.2 இருந்தது 2021ல 182.5க்கு இறங்குச்சு, அப்புறம் 208.2, 224.8, 255.4ன்னு ஏறி 2025ல அந்த 279.2க்கு வந்துச்சு. இந்த ஏத்தத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, ஈகிள்ஸ் கதை முழுக்க இதுலதான் இருக்கு.

இப்ப அந்த வித்தைக்கு வரேன். கேப் கணக்கும் கையில போற காசும் வேற வேற. ஒருத்தனுக்கு சைனிங் போனஸ்னு 50 மில்லியன் கொடுத்தா காசு உடனே அவன் கைக்குப் போயிடும், ஆனா கேப் கணக்குல அதை அதிகபட்சம் 5 வருஷத்துக்குப் பிரிச்சு வருஷத்துக்கு 10 மில்லியன்னு எழுதிக்கலாம். வட்டியில்லாத ஈஎம்ஐன்னு வச்சுக்கோங்க. ஏற்கனவே ஓடிட்டு இருக்கற ஒப்பந்தத்துலயும் இதைச் செய்யலாம், அதுக்குத்தான் ரீஸ்ட்ரக்சர்னு பேரு, மார்ச் மாசம் ஆனா நியூஸ்ல வரிசையா வருமே அதான். உதாரணத்துக்கு ஒருத்தனுக்கு இந்த வருஷ சம்பளம் 21.2 மில்லியன், ஒப்பந்தம் இன்னும் 5 வருஷம் இருக்குன்னு வைங்க. அதுல 1.2 மில்லியனை மட்டும் சம்பளமா விட்டுட்டு 20 மில்லியனை போனஸா மாத்தினா இந்த வருஷ கேப்ல 1.2 கூட 4, மொத்தம் 5.2தான் விழும். பதினாறு மில்லியன் இடம் கிடைச்சாச்சு. ஆட்டக்காரனுக்கு ஒரு பைசா குறையல, இன்னும் சொல்லப்போனா வாரா வாரம் வர வேண்டியது மொத்தமா முன்னாடியே வந்துடுது. ஆனா அடுத்த நாலு வருஷமும் அந்த 4 மில்லியன் உக்காந்திருக்கும். ஒப்பந்தத்துல அத்தனை வருஷம் இல்லைன்னா சும்மா பேருக்கு நாலு வருஷம் ஒட்ட வச்சுப்பாங்க, அந்த வருஷங்கள்ல அவன் ஆடப்போறதே இல்ல, கணக்கைப் பிரிக்கறதுக்கு மட்டும்தான், அதுக்கு வாய்ட் இயர்னு பேரு.

அவனை நடுவுல விட்டுட்டாலோ வேற டீமுக்கு டிரேட் பண்ணிட்டாலோ இன்னும் எழுதாம மிச்சம் இருக்கற போனஸ் எல்லாம் மொத்தமா ஒரே வருஷத்துல வந்து விழும், அதுதான் டெட் மணி, ஆள் இல்ல ஆனா கேப்ல இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கும். ஜூன் 1க்கு அப்புறம் விட்டா அதை ரெண்டு வருஷத்துக்குப் பிரிக்கலாம், மார்ச்லயே விட்டுட்டு ஜூன் 1 கணக்குல சேர்த்துக்கோங்கன்னு சொல்ற சலுகையும் ஒரு டீமுக்கு வருஷத்துக்கு ரெண்டு பேர் வரைக்கும் உண்டு.

ஈகிள்ஸ் ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மன் பண்றது முழுக்க இதுதான், ஆனா மத்தவங்களை விட முன்கூட்டியே, மத்தவங்களை விட பெரிய அளவுல. ஜேலன் ஹர்ட்ஸுக்கு 2023 ஏப்ரல்ல 5 வருஷம் 255 மில்லியன் எக்ஸ்டென்ஷன் (ஒப்பந்த நீட்டிப்பு) கொடுத்தாங்க, அதாவது வருஷத்துக்கு 51. ஆனா கேப்ல 2023ல விழுந்தது சுமார் 6 மில்லியன், 2024ல 13 சொச்சம், 2025ல 22 பக்கம். ஒரு முதல் தர க்வார்ட்டர்பேக்கை வச்சுக்கிட்டு கேப்ல ஒரு நடுத்தர ஆளோட இடத்தை மட்டும் செலவு பண்ணா மிச்சக் காசுல லைனை (எதிராளியைத் தடுக்கற முன்வரிசை) கட்டலாம், ரிசீவரை (எறிஞ்ச பந்தைப் பிடிக்கறவங்க) கட்டலாம், டிஃபென்ஸை கட்டலாம். தள்ளிப்போட்ட காசு பின்னாடி வந்து நிக்காதான்னு கேப்பீங்க. நிக்கும், ஆனா அப்ப கேப்பே பெருசாயிருக்கும். 2021ல 20 மில்லியன்னா கேப்ல கிட்டத்தட்ட 11 சதவீதம், அதே 20 மில்லியன் 2025ல 7 சதவீதம் சொச்சம்தான். இதைப் புரிஞ்சுக்கிட்டவங்களுக்கு கேப் வளைஞ்சு கொடுக்கும். இன்னொண்ணு, இதுக்கெல்லாம் ஓனர் கையில ரொக்கம் வேணும், ஏன்னா போனஸை இன்னிக்கே கொடுக்கணும், உறுதி பண்ணின காசுக்கு தனியா டெபாசிட்டும் கட்டி வைக்கணும்னு ஒரு பழைய ரூல் இருக்கு. கேப் எல்லாருக்கும் ஒண்ணு, ரொக்கம் எடுத்து வைக்கற மனசு எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. ஒரு டீம் கேப்ல இடமில்லன்னு சொல்றப்ப நான் முதல்ல பாக்கறது அவங்க ரொக்கமா எவ்வளவு செலவு பண்ணாங்கன்னுதான்.

அப்ப எல்லாரும் இப்படியே பண்ணலாமேன்னா, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸைப் பாருங்க. அவங்க ஜெனரல் மேனேஜர் மிக்கி லூமிஸ் பல வருஷமா இதே வித்தையைத்தான் பண்ணிட்டு வந்தார், ட்ரூ ப்ரீஸ் இருந்தவரைக்கும் அது ரொம்ப சரி, வயசான க்வார்ட்டர்பேக் இருக்கான், அவன் இருக்கறப்பவே ஜெயிச்சுடணும். 2021 மார்ச்ல ப்ரீஸ் ரிடையர் ஆனார், அந்த சமயத்துல கேப்பும் கோவிட்ல இறங்குச்சு, செயின்ட்ஸ் கிட்டத்தட்ட 100 மில்லியன் கேப்புக்கு மேல நின்னாங்க. அப்ப ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வலியைத் தாங்கிட்டு சுத்தம் பண்ணியிருக்கலாம். பண்ணல. அதே வயசான ஆளுங்களோட ஒப்பந்தத்தையே மறுபடி மறுபடி ரீஸ்ட்ரக்சர் பண்ணி தள்ளிக்கிட்டே போனாங்க, 2023ல க்வார்ட்டர்பேக் டெரெக் காருக்கு 4 வருஷம் 150 மில்லியன் கொடுத்தாங்க, 2024ல 5 வெற்றி 12 தோல்வி, 2025 மே மாசம் கார் தோள்பட்டை காயத்தோட ரிடையர் ஆயிட்டார். ஈகிள்ஸ் இளசுகளோட காசைத் தள்ளிப்போட்டாங்க, செயின்ட்ஸ் முப்பது தாண்டினவங்களோட காசைத் தள்ளிப்போட்டாங்க, வித்தியாசம் அவ்வளவுதான்.

டெட் மணி வந்தா டீம் செத்துப்போச்சுன்னும் நினைக்காதீங்க. டென்வர் ப்ராங்கோஸ் க்வார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனுக்கு 2022ல 5 வருஷ எக்ஸ்டென்ஷன் போட்டாங்க, கிட்டத்தட்ட 245 மில்லியன், அந்த எக்ஸ்டென்ஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே 2024 மார்ச்ல அவரை விட்டுட்டாங்க, 85 மில்லியன் டெட் மணி, ரெண்டு வருஷத்துல கட்டணும். அதுவரைக்கும் அப்படி ஒரு தொகையை யாரும் பார்த்ததில்ல. அதே வருஷம் டிராஃப்ட்ல (காலேஜ் ஆட்டக்காரங்களை டீம்கள் வரிசையா எடுக்கற நிகழ்ச்சி) 12வது ஆளா க்வார்ட்டர்பேக் போ நிக்ஸை எடுத்து, 10 வெற்றி 7 தோல்வின்னு முடிச்சு ப்ளேஆஃப்ஸ் (நாக்அவுட் சுற்று) போனாங்க. காரணம், நிக்ஸுக்கு ரூக்கி சம்பளம், அதாவது டிராஃப்ட்ல வந்த புது ஆளுக்கான மலிவுச் சம்பளம்.

இந்த ரூக்கி சம்பளம்தான் இப்போதைய லீக்ல பெரிய புதையல். 2010ல செயின்ட் லூயிஸ் ராம்ஸ் முதல் பிக்ல, அதாவது டிராஃப்ட்ல முதல் ஆளா, எடுத்த சாம் பிராட்ஃபர்டுக்கு 6 வருஷம் 78 மில்லியன், அதுல 50 மில்லியன் உறுதி, ஒரு ஆட்டம் ஆடறதுக்கு முன்னாடி. அடுத்த வருஷம் புது ஒப்பந்தம் வந்து ரூக்கி சம்பளத்தை கட்டிப்போட்டாங்க, 2011 முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 4 வருஷம் 22 மில்லியன். ஒரே வருஷத்துல இவ்வளவு வித்தியாசம். அதுக்கப்புறம் நல்ல க்வார்ட்டர்பேக் ரூக்கி சம்பளத்துல இருக்கற நாலஞ்சு வருஷம்தான் டீமைக் கட்டற நேரம்னு ஆயிடுச்சு. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸோட க்வார்ட்டர்பேக் ப்ராக் பர்டி 2022 டிராஃப்ட்ல கடைசி ஆள், 262வது பிக், 2023ல அவனோட அடிப்படைச் சம்பளம் 8,70,000 டாலர், அந்தச் சம்பளத்துல டீமை சூப்பர் பவுல் (இறுதி ஆட்டம்) வரைக்கும் கொண்டு போனான். 2025 மே மாசம் அவனுக்கு 5 வருஷம் 265 மில்லியன். அந்த ஒப்பந்தம் வரப்போகுதுன்னு தெரிஞ்சே மார்ச்லயே டீபோ சாமுவேலை வாஷிங்டனுக்கு டிரேட் பண்ணிட்டாங்க, ஹுஃபாங்கா, கிரீன்லா ரெண்டு பேரும் டென்வருக்குப் போனாங்க, சார்வேரியஸ் வார்ட் இண்டியானாபோலிஸுக்கு. இது மோசமான நிர்வாகமில்ல. பர்டி நல்லா ஆடினதுக்கு நைனர்ஸ் கொடுத்த விலை.

இனி பார்க்லி. ஜயன்ட்ஸ் ரசிகன் எவன் கிட்ட கேட்டாலும் இந்தப் பேச்சு வராம இருக்காது, எனக்கும் இன்னும் வலிக்குது, ஆனா நடந்ததை நிதானமா பாக்கலாம். சாக்வான் பார்க்லி 2018 டிராஃப்ட்ல ரெண்டாவது பிக். 2023 மார்ச்ல ஜயன்ட்ஸ் முன்னாடி ரெண்டு பேர், க்வார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸும் ரன்னிங் பேக் (பந்தோட ஓடறவன்) பார்க்லியும், ஆனா ஃப்ரான்ச்சைஸ் டேக் ஒரு டீமுக்கு வருஷத்துக்கு ஒண்ணுதான். ஜோன்ஸுக்கு கடைசி நிமிஷத்துல 4 வருஷம் 160 மில்லியன் கொடுத்துட்டு டேகை பார்க்லிக்குப் போட்டாங்க, 10.1 மில்லியன். டேக்னா நீ ஒரு வருஷத்துக்கு இங்கதான், அந்தப் பொசிஷன்ல இருக்கற பெரிய சம்பளங்களோட சராசரியைத் தரோம்னு அர்த்தம், ஆட்டக்காரனுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, ஏன்னா காயம் பட்டா அதோட கதை முடிஞ்சுது. அடுத்த வருஷமும் டேக் போட்டா 20 சதவீதம் ஏத்தித் தரணும், அதாவது 12.1 மில்லியன். ஜயன்ட்ஸ் அதைப் போடல. பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போயிட்டா தனக்குத் தூக்கம் வராதுன்னு ஓனர் ஜான் மாரா கேமரா முன்னாடியே ஜெனரல் மேனேஜர் ஜோ ஷேன்கிட்ட சொன்னார், நாடே பார்த்துச்சு. 2024 மார்ச்ல பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்கேதான் போனான், 3 வருஷம் 37.75 மில்லியன். வகுத்துப் பாருங்க, வருஷத்துக்கு 12.6. டேக் விலைக்கும் அதுக்கும் அரை மில்லியன்தான் வித்தியாசம்.

அப்ப கேப்ல இடமில்லாம விட்டாங்களா? கிடையாது. அதே மாசத்துல கரோலைனாகிட்ட இருந்து டிஃபென்ஸ் ஆள் பிரையன் பர்ன்ஸை டிரேட்ல வாங்கி 5 வருஷம் 140 மில்லியனுக்கு மேல ஒப்பந்தம் போட்டாங்க, பார்க்லி இடத்துக்கு டெவின் சிங்கில்டரியைப் பிடிச்சாங்க. ரன்னிங் பேக்குக்கு காசு போடறது வேஸ்ட்னு லீக்ல பாதி பேர் நம்பிட்டு இருந்தாங்க, ஜயன்ட்ஸும் நம்பினாங்க. புள்ளிவிவரப்படி அந்த நம்பிக்கை முழுசா தப்புன்னும் சொல்லமாட்டேன், இருபத்தேழு வயசு தாண்டின ரன்னிங் பேக் எத்தனை பேர் இறங்கியிருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அவங்க பார்க்லியை மட்டும்தான் பார்த்தாங்க, அவன் முன்னாடி நிக்கப்போற லைனைப் பாக்கல. ஈகிள்ஸ் லைனுக்குப் பின்னாடி அவன் 2024 ரெகுலர் சீசன்ல 2,005 யார்டு ஓடினான், ப்ளேஆஃப்ஸையும் சேர்த்தா 2,504. ஈகிள்ஸ் 14-3, 2025 பிப்ரவரில நியூ ஆர்லியன்ஸ்ல கேன்சஸ் சிட்டியை 40-22ன்னு அடிச்சு சூப்பர் பவுல். ஜயன்ட்ஸ் 3-14, ஜோன்ஸை நவம்பர்லயே விட்டாச்சு, அவனுக்கான டெட் மணி 22 மில்லியன் 2025 கேப்ல உக்காந்துச்சு. கேப் ஒண்ணுதான் ரெண்டு டீமுக்கும். எடுத்த முடிவுதான் வேற.

டல்லாஸ் கவ்பாய்ஸோட டிஃபென்ஸ் நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸ் கதையும் இதே ரகம். 2025 ஆகஸ்ட்ல சீசன் ஆரம்பிக்க ஒரு வாரம் இருக்கறப்ப டல்லாஸ் அவனை க்ரீன் பேக்குக் கொடுத்துட்டு ரெண்டு முதல் ரவுண்ட் பிக்கும் கென்னி கிளார்க்கும் வாங்குச்சு, பாக்கர்ஸ் 4 வருஷம் 188 மில்லியன் கொடுத்தாங்க. க்வார்ட்டர்பேக் டக் ப்ரெஸ்காட்டுக்கு வருஷத்துக்கு 60, ரிசீவர் சீடி லேம்புக்கு 34ன்னு ஏற்கனவே கொடுத்தாச்சே, பார்சன்ஸுக்கு எங்க இடம்னு கவ்பாய்ஸ் ரசிகர்கள் சமாதானம் சொல்லுவாங்க. இடம் பண்ணியிருக்கலாம், மேல சொன்ன அதே போனஸ் வித்தையில சுலபமா பண்ணியிருக்கலாம். ஒரு வருஷம் முன்னாடி பேசி முடிச்சிருந்தா இன்னும் மலிவா முடிஞ்சிருக்கும், மார்க்கெட் ஏற ஏற ஒவ்வொரு தடவையும் கடைசி வரைக்கும் இழுத்து அதிக விலை கொடுக்கறது டல்லாஸ் வழக்கம். ஓனர் ஜெர்ரி ஜோன்ஸ் கோச்சை மாத்துவார், ஆளை மாத்துவார், இந்த வழக்கத்தை மட்டும் மாத்தறதில்ல.

மார்ச் மாச செய்தியைப் படிக்கறப்ப ரெண்டு விஷயம் மனசுல வச்சுக்கோங்க போதும். முதல் நாள்ல வர "நாலு வருஷம் நூறு மில்லியன்" எல்லாம் ஏஜென்ட் சொல்ற கணக்கு, கையெழுத்துப் போடறப்ப எவ்வளவு உறுதின்னு பாருங்க, பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷம்தான் நிஜம். அப்புறம், ஆஃப்சீசன்ல 90 பேர் வரைக்கும் வச்சுக்கலாம் ஆனா பெரிய சம்பளம் 51 மட்டும்தான் கேப்ல எண்ணுவாங்க, அதனால ஒருத்தனை எடுத்தா ஐம்பத்தொண்ணாவது ஆள் கணக்குல இருந்து கீழ இறங்கிடுவான், புது ஆளோட முழுத் தொகையும் கூடுதல் செலவு கிடையாது. ஆகஸ்ட் கடைசில 53 பேருக்கு வெட்டறப்பதான் கணக்கு நிஜமா இறுகும்.

இனி உங்க டிக்கெட் கேள்வி. இங்க நமக்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கு, க்ரீன் பே பாக்கர்ஸ். லீக்லயே ஓனர்னு ஒரு பணக்காரர் இல்லாத ஒரே டீம், 5 லட்சத்துக்கும் மேல பங்குதாரர்கள், டிவிடெண்ட் கிடையாது, அந்தப் பங்கை லாபத்துக்கு விக்கவும் முடியாது, ஆனா அந்த அமைப்பால அவங்க வருஷா வருஷம் கணக்கை வெளில சொல்லியாகணும். 2025 மார்ச்ல முடிஞ்ச வருஷத்துக்கு லீக்கோட பொதுப் பங்குல இருந்து, அதாவது முக்கியமா டிவி காசு, அவங்களுக்கு வந்தது 432.6 மில்லியன். 32 டீமுக்கும் இது சமமா போற காசு, எனவே உங்க டீமுக்கும் அதேதான். அந்த சீசனுக்கு கேப் 255.4, ஆட்டக்காரங்களுக்கான மத்த சலுகைகள் ஒரு டீமுக்கு 74 மில்லியன், மொத்தம் 329.4. ஸ்டேடியம் கதவையே திறக்காம, ஒரு டிக்கெட்கூட விக்காம, ஒரு ஹாட் டாக்கூட விக்காம, ஆட்டக்காரங்க செலவு போக 100 மில்லியனுக்கு மேல மிச்சம். கோச் சம்பளம், பயணம், ஆபீஸ்னு வேற செலவு இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா "ப்ரெஸ்காட்டுக்கு 60 மில்லியன் கொடுக்கறாங்க, அதான் என் டிக்கெட் ஏறுது"ங்கறது இந்தக் கணக்கு முன்னாடி நிக்காது.

டிக்கெட் காசும் லீக் வருமானத்துல சேருது, அதுல இருந்து கேப்புக்கு ஒரு பங்கு போகுது, அது உண்மைதான். ஆனா அது 32 டீமோட மொத்தத்துல சேர்ந்து 32ஆல வகுபடுது. ஜயன்ட்ஸ் டிக்கெட் விலையை ஏத்தினா ஜயன்ட்ஸுக்கு மட்டும் கேப் ஏறாது, ஒரு ஆள்கூட கூடுதலா வாங்க முடியாது. வாசல் வசூல்ல 34 சதவீதம் வெளியூர் டீம்களுக்கான பொதுக் கணக்குக்குப் போகுது, மிச்சம் உள்ளூர் டீமுக்கு. கண்ணாடி போட்ட சூட் (பணக்காரங்க வாடகைக்கு எடுக்கற தனி அறை) இருக்கு பாருங்க, அதோட வாடகையில இந்தப் பங்கு கிடையாது. பார்க்கிங், சாப்பாடு, விளம்பரம் எல்லாம் உள்ளூர் டீமே வச்சுக்கும். புது ஸ்டேடியம் கட்டறப்பல்லாம் சாதாரண சீட் குறைஞ்சு கிளப்பும் சூட்டும் ஏன் கூடுதுன்னா இதனாலதான்.

பஃபலோவைப் பாருங்க, புது ஸ்டேடியத்துக்கு நியூ யார்க் மாநிலம் 600 மில்லியன், ஈரி கவுண்டி 250 மில்லியன், மொத்தம் 850 மில்லியன் மக்கள் வரிப்பணம். பழசைவிட சீட் கம்மி. வரி கட்டின அதே மக்கள் அங்க சீசன் டிக்கெட் வாங்கணும்னா முதல்ல பர்சனல் சீட் லைசன்ஸ் வாங்கணும், அதாவது டிக்கெட் வாங்கற உரிமைக்கு ஒரு தடவை கட்டற பணம், நல்ல கிளப் சீட்டுக்கு 50,000 டாலர் வரைக்கும் போச்சு. அதைக் கட்டினாலும் வருஷா வருஷம் டிக்கெட்டுக்குத் தனியா கட்டணும். இந்த லைசன்ஸ் முறையை என்எஃப்எல்ல பெருசா கொண்டு வந்தது தொண்ணூறுகள்ல கரோலைனா, அப்புறம் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. பனில ஷவலோட வந்து ஸ்டேடியத்தைச் சுத்தம் பண்ற ஊர் பஃபலோ, அங்க தாத்தா காலத்துல இருந்து ஒரே சீட்ல உக்காந்தவங்க இப்ப வெளில நிக்கறாங்கன்னா எனக்கு நிஜமாவே கோவம் வருது. அதே டீம் ஜாஷ் ஆலனுக்கு 2025 மார்ச்ல 330 மில்லியன் ஒப்பந்தம் போட்டதால அந்த லைசன்ஸ் காசு ஆலனுக்குப் போகுதுன்னு நிறைய பேர் நம்பறாங்க. ஸ்டேடியம் கட்டறதுக்குப் போகுது, ஆலன் சம்பளத்துக்கு டிவி காசே போதும்.

அப்ப விலையை எது ஏத்துது? வாங்க ஆள் இருக்கு, அவ்வளவுதான். க்ரீன் பேல லாம்போ ஃபீல்டுக்கு 1960ல இருந்து சீசன் டிக்கெட் தீர்ந்து போயிருக்கு, காத்திருப்போர் பட்டியல்ல 1,40,000 பேருக்கு மேல, குழந்தை பொறந்ததும் பேரை எழுதி வைக்கறாங்க. 81,000 சொச்சம் சீட். 1994 வரைக்கும் பாக்கர்ஸ் சில ஆட்டத்தை மில்வாக்கில ஆடிட்டு இருந்தாங்க, அந்த ஊர் ரசிகர்களை கைவிடக் கூடாதுன்னு இன்னிக்கும் அவங்களுக்குன்னு தனியா ஒரு சீசன் டிக்கெட் பேக்கேஜ் வச்சிருக்காங்க. ஒரு டீம் நினைச்சா ரசிகனை எப்படி நடத்தலாம்ங்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் இது, அதே க்ரீன் பே இப்ப பார்சன்ஸுக்கு 188 மில்லியனும் கொடுக்குது.

நீங்க நியூ ஜெர்சில இருக்கறதால மெட்லைஃப் ஸ்டேடியம் பத்தி மட்டும் சொல்லிடறேன். ஜயன்ட்ஸும் ஜெட்ஸும் ஒரே ஸ்டேடியம்தான். 2010ல திறந்தப்ப ஜயன்ட்ஸ் எல்லா சீட்டுக்கும் லைசன்ஸ் வித்தாங்க, ஜெட்ஸ் மேல் அடுக்கை விட்டுட்டாங்க. சீசன் டிக்கெட் இப்பவே எடுக்காதீங்க, முதல்ல ரீசேல்ல (வாங்கினவங்க திரும்ப விக்கற டிக்கெட்) ரெண்டு மூணு ஆட்டம் பாருங்க. சீசன் டிக்கெட் வச்சிருக்கறவங்க பிரீசீசன் ஆட்டத்துக்கும் காசு கட்டியாகணும், போக மாட்டாங்க, அதனால ஆகஸ்ட்ல அந்த டிக்கெட் ரொம்ப மலிவா வரும், குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போக அதுதான் நல்லது, ஆனா பெரிய ஆளுங்க ஆடமாட்டாங்க. ஈகிள்ஸ், கவ்பாய்ஸ் வர நாள்ல வாங்காதீங்க, அவங்க ரசிகர் கூட்டம் வந்து விலையை ஏத்திடும். ரெண்டு டீமும் தோத்துட்டு இருக்கற டிசம்பர் ஞாயித்துக்கிழமை மத்தியான ஆட்டம், குளிர், அதுக்கு ஆட்டம் ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் பொறுத்தா விலை சரியும். 2025 மே மாசத்துல இருந்து கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்த விலையை முதல்லயே காட்டணும்னு சட்டம் வந்துடுச்சு, அதனால தளங்களை ஒப்பிடறது இப்ப சுலபம். டிக்கெட் ஆப்ல மட்டும்தான் வரும், பார்கோடு மாறிக்கிட்டே இருக்கும், யாராவது ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறேன் காசு போடுன்னா போடாதீங்க. கார் வேணாம், செகாகஸ் ஸ்டேஷன்ல இறங்கி ஆட்ட நாள் ட்ரெயின் மாறிக்கோங்க.

அட்டவணை மே மாசம் வரும். லீக்ல ரெண்டு பிரிவு, ஏஎஃப்சி டீம்களுக்கும் (ஜெட்ஸ் இதுல) என்எஃப்சி டீம்களுக்கும் (ஜயன்ட்ஸ் இதுல) மாறி மாறி ஒரு வருஷம் 9 ஹோம் ஆட்டம், ஒரு வருஷம் 8, அதனால ஜயன்ட்ஸுக்கு 8 வர வருஷம் ஜெட்ஸுக்கு 9. சீசனோட பின்பாதில ஞாயித்துக்கிழமை மதிய ஆட்டத்தை டிவிக்காக ராத்திரிக்கு மாத்துவாங்க, டிக்கெட் வாங்கினவன் கிட்ட கேக்க மாட்டாங்க, அதனால டிசம்பர் ஆட்டம் வாங்கினா மறுநாள் காலைல மீட்டிங் எதுவும் வச்சுக்காதீங்க.